நெய்யூர் மருத்துவர் சாமர்வெல்

விருதுநகர் மாவட்டம் வெயிலுக்குப் பெயர் பெற்றது. மழை குறைந்து, கரிசல் மண் பிளந்து கிடக்கும் நிலம் அது. உழவை மட்டும் நம்பி வாழ இயலாத அந்நாட்டு மக்கள், வறண்ட காற்றையும் காயும் வெயிலையுமே தமக்குத் துணையாக்கிக்கொண்டு, தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் தொழில்களை வளர்த்தனர். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடார், சண்முக நாடார் என்னும் இளைஞர் இருவர் கல்கத்தா நகருக்குச் சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அத்தொழிலின் வழியே பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் தழைத்தது. இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை முதலிய ஊர்களைச் சூழ, நூற்றுக்கணக்கான பட்டாசு ஆலைகள் இயங்குகின்றன.

பட்டாசு மருந்து பார்வைக்கு அமைதியானது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலந்த கலவை, தட்டில் சாம்பல்நிற மாவுபோலக் கிடக்கும். ஆயினும் ஒரு சிறிய உராய்வு, எங்கிருந்தோ தெறிக்கும் ஒரு பொறி, வானில் தோன்றும் ஒரு மின்னல், இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். அம்மாவு நெருப்பாக மாறிவிடும். ஆதலின் தொழிலறிந்த மூத்தோர் மருந்தறைக்குள் நுழையுமுன் வானத்தைப் பார்ப்பர்; காற்றின் வெம்மையை உணர்வர்; அறையில் எத்தனை பேர் இருக்கின்றனர் என்று எண்ணுவர்; முதல்நாட் கலவை எஞ்சியிருக்கிறதா என்று வினவுவர். கண்ணுக்குப் புலப்படாத தீங்கை முன்கூட்டியே நிறுத்துப் பார்க்கும் இந்த அறிவே அவர்களுடைய முதற் கருவியாகும்.

வெப்பம் மிகுந்த சிவகாசிக்கும் பனி மூடிய இமயத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று நாம் எண்ணலாம். ஆனால் பனிமலையில் ஏறுவோர்க்கும் இதே அறிவு வேண்டும். வெள்ளைப் பஞ்சைப் பரப்பி வைத்தாற்போல அழகாகத் தோன்றும் மலைச்சாய்வு, ஒருவர் காலடி பட்ட அளவிலே நிலைகுலைந்து, மேலிருப்போரையும் கீழிருப்போரையும் வாரிக்கொண்டு பாய்ந்துவிடும். அதனைப் பனிச்சரிவு என்பர். ஒரு பனிச்சரிவிலிருந்து உயிர்தப்பி, அதில் மாண்ட எழுவரை வாழ்நாள் முழுவதும் மறவாதிருந்த ஒருவர், பின்னாளில் நம் தமிழ் மக்களிடையே வந்து தங்கி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மருத்துவத் தொண்டு புரிந்தார். அவர்தாம் டாக்டர் தியடோர் ஹோவர்டு சாமர்வெல்.

சாமர்வெல் 1890ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் காலணி செய்து விற்கும் பெருந்தொழிலை நடத்தி வந்தனர். ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த அந்நாட்டில் வளர்ந்த சிறுவருக்கு, மலையேறுதல் இளமையிலேயே இன்பப் பொழுதுபோக்காயிற்று. ஓவியம் தீட்டுவதிலும் இசையிலும் அவருக்கு ஆர்வம் மிகுதி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்று முதல் வகுப்பில் தேறினார். பின்னர் இலண்டனில் மருத்துவம் கற்றார். குடும்பத் தொழிலில் அமர்ந்து செல்வராக வாழும் வாய்ப்பு இருந்தும், அவர் அறுவை மருத்துவத்தையே தம் தொழிலாகத் தேர்ந்துகொண்டார்.

அக்காலத்தில் முதல் உலகப் போர் மூண்டது. அவர் படையின் மருத்துவப் பிரிவிற் சேர்ந்து பிரான்சு நாட்டிற்குச் சென்றார். 1916ஆம் ஆண்டில் நிகழ்ந்த சோம் போரில் காயமுற்றோர் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தனர். அறுவை செய்ய வல்ல மருத்துவரோ மிகச் சிலர். கூடாரத்திற்கு வெளியே புல்தரையில் வரிசை வரிசையாகக் கிடந்தோருள் எவரை முதலில் எடுப்பது, எவரைப் பின்னர் எடுப்பது என்று நொடிப்பொழுதில் முடிவு செய்யவேண்டிய கடமை அவர்மேல் விழுந்தது. அம்முடிவு பிழையானால் ஓர் உயிர் போகும். தம்மை முன்னதாகக் கவனிக்குமாறு அவ்வீரருள் ஒருவரேனும் கெஞ்சவில்லை என்பதைக் கண்டு அவர் உள்ளம் உருகினார். போரின் கொடுமையை வெறுத்தவராய் அவர் நாடு திரும்பினார்.

அக்காலத்தில் எவரெஸ்டு சிகரத்தை அடைந்தோர் ஒருவரும் இலர். 1922ஆம் ஆண்டில் படைத்தலைவர் சார்லசு புரூசு என்பவரின் தலைமையில், சிகரத்தை எட்டும் நோக்கத்தோடு ஒரு குழு புறப்பட்டது. சாமர்வெல் அக்குழுவில் இடம்பெற்றார். சார்சு மலோரி, எட்வர்டு நார்ட்டன் முதலிய மலையேற்ற வல்லுநர் பலர் அவருடன் இருந்தனர். டார்ஜிலிங்கிலிருந்து புறப்பட்டுத் திபெத்து மேட்டுநிலத்தைக் கடந்து, சிகரத்தின் வடபுறத்தை அவர்கள் அடைந்தனர். அவர்களுடைய கூடாரங்களையும் உணவையும் முதுகில் சுமந்து பனியில் ஏறியவர்கள், பெரும்பாலும் ஷெர்ப்பா இனத்தைச் சார்ந்த சுமையாளர்களே. அவர்களின்றி எந்தக் குழுவும் அம்மலையில் ஓரடியும் மேலே சென்றிராது.

மே மாதம் 21ஆம் நாள் சாமர்வெல், மலோரி, நார்ட்டன் ஆகிய மூவரும் செயற்கைப் பிராணவாயுவின் துணையின்றியே ஏறத்தாழ 27,000 அடி உயரத்தை அடைந்தனர். அதுவரை அத்துணை உயரம் ஏறிய மனிதர் உலகில் இலர். சில நாட்களுக்குப் பின், பிராணவாயுக் கலங்களுடன் சென்ற வேறிருவர் அதனினும் சற்று மேலே ஏறினர். சிகரம் இன்னும் ஏறத்தாழ 1,700 அடிக்கு மேல் நின்றது. மற்றொரு முறை முயன்றால் வெற்றி கிட்டிவிடும் என்ற ஆசை குழுவினரின் உள்ளத்தில் எழுந்தது.

ஆனால் பருவம் அவர்களுக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்தது. இமயத்தின் உயரத்தில் மலையேற்றத்திற்கு உகந்த இளவேனிற்காலம், தென்மேற்குப் பருவக்காற்றின் வரவோடு முடிந்துவிடும். சூன் முதல் வாரத்தில் நம் குமரிக்கரையில் மழையாகப் பொழியும் அப்பருவக்காற்றே, அதன் வங்கக்கடற் கிளையின் வழியாக இமயத்தை அடைந்து, அங்கே பனியாகப் பொழிகிறது. கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் அப்பனி கனமானது. சூன் மாதத் தொடக்கத்தில் மலையில் பனி கொட்டியது. பின்னர் வானம் தெளிந்தது, வெயில் காய்ந்தது. புதுப்பனி இறுகுவதற்கு ஓரிரு நாள் போதும் என்று மலோரியும் சாமர்வெல்லும் கருதினர்.

சூன் 7ஆம் நாள் காலையில் மலோரி, சாமர்வெல், கிராஃபர்டு ஆகிய மூவரும் பதினான்கு சுமையாளர்களும் வடகணவாய் எனப்படும் உயர்ந்த பனித்தோளை நோக்கி ஏறத் தொடங்கினர். வழியிலே பனி முழங்கால் அளவு ஆழமாகக் கிடந்தது. சாய்வின் அடியை அடைந்ததும், பனிச்சரிவு உண்டாகுமோ என்ற ஐயம் அவர்களுக்கு எழாமலில்லை. ஆகவே, செங்குத்தான ஒரு சிறு பகுதியில் காலால் மிதித்தும் வெட்டியும் சோதித்துப் பார்த்தனர். பனி நகரவில்லை. அச்செங்குத்தான இடத்திலேயே நகராத பனி, மேலே சாய்வு குறைந்த இடத்தில் நகராது என்று அவர்கள் முடிவு செய்தனர். பதினேழு பேரும் நான்கு கயிறுகளிற் பிணைந்து, ஒரே தடத்தில், ஒருவர் பின் ஒருவராக மேலே சென்றனர்.

பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்னர், வெடி வெடித்தாற் போன்ற ஒரு மெல்லொலி எழுந்தது. அவர்களுக்கு மேலே பனியின் பரப்பில் ஒரு கீறல் நெடுக ஓடியது. மறுகணம் அவர்கள் நின்ற தரையே நகர்ந்தது. முதற் கயிற்றில் இருந்த மூவரும் ஒரு சுமையாளரும் பனியில் அமிழ்ந்து புரண்டு, சிறிது தொலைவு சென்று, பின்னர் முயன்று வெளிப்பட்டனர். இரண்டாவது கயிற்றினரும் தப்பினர். அவர்களுக்குக் கீழே வந்துகொண்டிருந்த ஒன்பது சுமையாளர்களைப் பனி வாரிக்கொண்டு சென்று, ஒரு பனிக்கட்டிச் செங்குத்தின் விளிம்பைக் கடந்து கீழே தள்ளியது. தப்பியோர் ஓடிச் சென்று பனியைத் தோண்டினர். இருவர் மட்டும் உயிருடன் மீண்டனர். ஏனைய எழுவர் மாண்டனர். எவரெஸ்டு மலையில் ஏறச் சென்றோரை இவ்வாறு பனிச்சரிவு கொண்டது அதுவே முதன்முறை.

அவர்களுடைய சோதனை எங்கே பிழைத்தது? மாணவர்கள் இதனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். சோதனை செய்யாமல் அவர்கள் செல்லவில்லை. ஐயம் தோன்றியபொழுது நின்று சோதித்தே சென்றனர். ஆனால் சோதித்த இடமோ மிகச் சிறியது. தாண்ட வேண்டிய சாய்வோ மிகப் பெரியது. பனி ஒரே பொருளாகக் கிடப்பதன்று, அடுக்கடுக்காகக் கிடப்பது. பழைய பனியின் மேற்பரப்பு வெயிலில் உருகி, இரவில் உறைந்து, கண்ணாடிபோல் வழவழப்பாகும். அதன்மேல் விழும் புதுப்பனி அதனோடு நன்கு ஒட்டுவதில்லை. காற்று வேறு அப்பனித்துகள்களை அடித்துக் கொணர்ந்து, சாய்வின் மறைவான பக்கத்தில் பலகைபோல் இறுக்கிவிடும். மேலே உறுதியான பலகை. கீழே வலுவற்ற ஓர் அடுக்கு. மனிதர் எடை தாங்காமல் அவ்வடுக்கு ஓரிடத்தில் நொறுங்கினால், அந்நொறுங்கல் இமைப்பொழுதில் சாய்வு முழுவதும் பரவும். பலகை முழுவதும் அறுந்து கீழே பாயும். ஒரு மூலையில் மிதித்துப் பார்த்தால் இந்த நோய் வெளிப்படாது.

பனிச்சரிவைப் பற்றிப் பிற்காலத்தார் ஆராய்ந்து கண்ட உண்மைகள் பல. பலகைபோல் அறுந்து பாயும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 பாகை முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களிலே நிகழ்கின்றன. அதனினும் செங்குத்தான இடத்தில் பனி மிகுதியாகத் தங்குவதில்லை. சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். ஆகவே செங்குத்தான சிறு பகுதி நகரவில்லை என்பது, சாய்வு குறைந்த பெரும்பகுதி நகராது என்பதற்குச் சான்றாகாது. பெரும்பனி பொழிந்து ஓய்ந்த பின்னர் முதல் ஓரிரு நாட்கள் தீங்கு மிக்கவை. சில வேளைகளில் அத்தீங்கு பல நாள் நீடிப்பதும் உண்டு. இளவேனிற்காலத்திலோ கதிரவன் ஏறஏறப் பனி உருகி, உருகிய நீர் உள்ளே இறங்கி அடுக்குகளை நெகிழ்த்துகிறது. ஆதலின் விடியலில் பாறைபோல் இறுகி நிற்கும் சாய்வு, உச்சிவேளையில் சேறுபோல் நழுவும். காலையிற் கடந்த வழி மாலைக்கும் ஏற்றது என்று எண்ணுதல் ஆகாது.

இக்காலத்தில் பனிமலையில் செல்வோர் புறப்படுமுன் பொழிந்த பனியின் அளவையும், காற்று வீசிய திசையையும், வெப்பநிலையின் ஏற்றத்தையும் கேட்டறிகின்றனர். வழியில் பனியைக் குழியாக வெட்டி, அடுக்குகளைக் கையால் தொட்டுப் பார்க்கின்றனர். அருகிலுள்ள சாய்வுகளில் அண்மையில் சரிவு நிகழ்ந்த சுவடு உண்டா என்று நோக்குகின்றனர். காலடியில் பனி அமுங்கும் ஒலியும், அடி வைத்த இடத்திலிருந்து ஓடும் கீறலும் அவர்களுக்கு எச்சரிக்கைகளாகும். ஐயத்திற்குரிய சாய்வை ஒருவர் கடக்கும்வரை மற்றவர் பாதுகாப்பான இடத்தில் நின்று காக்கின்றனர். ஏனெனில் பனியில் புதைந்தவரைக் கால்மணி நேரத்திற்குள் வெளியே எடுத்தால் அவர் பிழைக்கக்கூடும். அரைமணி கடந்துவிட்டால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. எல்லோரும் ஒருங்கே அகப்பட்டால் தோண்டி எடுப்பதற்கு ஆள் ஏது? பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு இத்தனை பேரே என்று வரையறுத்து, அறைக்கும் அறைக்கும் இடைவெளி விடுவதும் இக்கருத்துப் பற்றியதே.

1922ஆம் ஆண்டின் அந்நிகழ்ச்சி சாமர்வெல்லின் உள்ளத்தை வாட்டியது. முடிவு செய்தவர்களுள் தாமும் ஒருவர். அம்முடிவின் விலையைக் கொடுத்தவர்களோ அதில் ஒரு சொல்லும் சொல்லும் உரிமையற்ற சுமையாளர்கள். தாங்கள் மூவரும் உயிருடன் நிற்க, எளியோர் எழுவர் மட்டும் மாண்டனரே என்று அவர் வருந்தினார். தங்களுள் ஒருவரும் அவர்களோடு மாண்டிருந்தால், அவ்விழப்பில் தமக்கும் பங்குண்டு என்பதை எஞ்சிய ஷெர்ப்பாக்கள் அறிந்திருப்பரே என்றும் எண்ணினார். மலோரியும் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். பனியின் இயல்பை நன்கறிந்த சிலர் அவர்கள் முடிவைக் குறை கூறினர். அக்குறையை மறைக்க அவர்கள் முயலவில்லை.

குழுவிலிருந்து பிரிந்த பின்னர், சாமர்வெல் இந்திய நாட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு தெற்கே வந்தார். அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசைச் சார்ந்திருந்ததும், 1956ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டின் குமரி மாவட்டத்தில் அடங்கியதுமான நெய்யூரை அடைந்தார். அங்கே 1838ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற ஒரு மருத்துவமனையை இலண்டன் திருச்சபைச் சங்கத்தார் நடத்தி வந்தனர். நோயாளிகளோ கூட்டங்கூட்டமாகக் காத்துக் கிடந்தனர். அவர்களுக்கு அறுவை செய்ய இருந்த மருத்துவரோ ஒருவரே. அவரும் ஓய்வின்றி உழைத்துக் களைத்திருந்தார். அக்காட்சியைக் கண்ட சாமர்வெல், சில நாள் தங்கித் தாமும் கத்தியைக் கையிலெடுத்தார். இங்கிலாந்தில் புகழும் பொருளும் தரத்தக்க வாழ்வு காத்திருக்கவும், அதனை விடுத்து நெய்யூரிலே பணிபுரிவது என்று உறுதி பூண்டார். 1923ஆம் ஆண்டில் அவ்வூருக்கு மீண்டும் வந்து பணியை ஏற்றார்.

1924ஆம் ஆண்டில் எவரெஸ்டுக் குழு மறுபடியும் புறப்பட்டது. சாமர்வெல் நெய்யூரிலிருந்து சென்று அதிற் கலந்துகொண்டார். மே மாதத்தில் கடும் புயலும் பனியும் அக்குழுவை வருத்தின. வடகணவாயின் மேலிருந்த கூடாரத்தினின்று சுமையாளர் பலர் கீழே இறங்கினர். நால்வர் மட்டும், வழியிலிருந்த நெகிழ்பனிச் சாய்வைக் கடக்க அஞ்சி, மேலேயே தங்கிவிட்டனர். புதுப்பனி விழுந்துகொண்டிருந்தது. இன்னும் ஓரிரவு கழிந்தால் அவர்களை மீட்க இயலாது. இரண்டாண்டுகளுக்கு முன் எழுவரைக் கொண்ட அதே மலைப்பகுதி. அதே போன்ற பனி. மே 24ஆம் நாள் நார்ட்டன், மலோரி, சாமர்வெல் ஆகிய மூவரும் அந்நால்வரை மீட்க ஏறினர்.

தீங்கு மிக்க அச்சாய்வை அடைந்ததும், தாமே முதலிற் செல்வதாகச் சாமர்வெல் கூறினார். இம்முறை அவர்கள் எல்லோரும் ஒருங்கே சாய்வில் இறங்கவில்லை. நார்ட்டனும் மலோரியும் உறுதியான இடத்தில் பனிக்கோடரியை ஊன்றி நின்று, நீண்ட கயிற்றைச் சிறிது சிறிதாக விட்டனர். கயிற்றின் முனையைத் தம் இடுப்பிற் கட்டிக்கொண்டு சாமர்வெல் ஒருவரே படி வெட்டி நடந்தார். இருமல் அவரை வாட்டியது. இடையிடையே நின்று இருமிவிட்டு மேற்சென்றார். சுமையாளர் நின்ற இடத்திற்கு இன்னும் முப்பதடி இருக்கையில் கயிறு முடிந்துவிட்டது. முதலிருவர் மெல்ல நடந்து அவரை அடைந்து, கயிற்றைப் பற்றிக்கொண்டு அக்கரை சேர்ந்தனர். எஞ்சிய இருவரும் ஒரே நேரத்தில் அடியெடுத்து வைத்தனர். அவர்கள் காலடியில் பனி நழுவியது. சிறிது தொலைவு சறுக்கிச் சென்று, பெரும்பள்ளத்தின் விளிம்புக்கருகே அவர்கள் தங்கினர்.

அசையாமல் இருக்குமாறு சாமர்வெல் அவர்களுக்குச் சொன்னார். பின்னர்த் தம் பனிக்கோடரியைப் பனியில் ஆழ ஊன்றினார். இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்துக் கோடரியிற் சுற்றினார். கயிற்றின் முனையை ஒரு கையிற் பற்றிக்கொண்டு, உடலை நீட்டி, மற்றொரு கையால் அவ்விருவரையும் ஒருவர்பின் ஒருவராகப் பற்றி இழுத்தார். அன்று மாலை நால்வரும் உயிருடன் கீழே வந்து சேர்ந்தனர். தீங்கு இல்லை என்று அவர் அன்று எண்ணவில்லை. உண்டு என்று நன்கறிந்தே சென்றார். அறிந்தமையால் கயிற்றையும் காவலையும் அமைத்துக்கொண்டார். சுமையாளரை முன்னே அனுப்பாமல் தாமே முன்னே நடந்தார். 1922ஆம் ஆண்டின் ஏற்றத்திற்கும் 1924ஆம் ஆண்டின் மீட்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சூன் 4ஆம் நாள் சாமர்வெல்லும் நார்ட்டனும் பிராணவாயுக் கலங்களின்றிச் சிகரத்தை நோக்கி ஏறினர். ஏறத்தாழ 28,000 அடி உயரத்தில் சாமர்வெல்லின் தொண்டை அடைத்தது. அவர் அங்கேயே நின்றுவிட்டார். நார்ட்டன் தனியே சென்று 28,126 அடியை அடைந்து திரும்பினார். இறங்கும் வழியில் சாமர்வெல்லுக்கு மூச்சே நின்றுவிட்டது. கடுங்குளிரால் புண்பட்டுப் பிரிந்த தொண்டையின் உட்தசை மூச்சுக்குழலை அடைத்திருந்தது. இறுதி முயற்சியாக நெஞ்சைத் தம் கைகளால் அழுத்தி இருமினார்; அடைப்பு வெளியே வந்தது; உயிர் மீண்டது. நான்கு நாள் கழித்து மலோரியும் இர்வின் என்னும் இளைஞரும் சிகரத்தை நோக்கிச் சென்று மீளாமற் போயினர். சாமர்வெல் தாம் மலோரிக்குக் கொடுத்தனுப்பிய புகைப்படப் பெட்டியையும் தம் நண்பரையும் ஒருங்கே இழந்தார்.

அதன்பின் அவர் நெய்யூருக்குத் திரும்பினார். குடற்புண்ணாலும் வாய்ப்புற்றாலும் வருந்திய எளிய மக்கள் தொலைவிலிருந்தெல்லாம் அவரை நாடி வந்தனர். அங்கு மிகுதியாகக் கண்ட இரைப்பைப் புண்ணையும் குடற்புண்ணையும் அவர் ஆழ்ந்து ஆராய்ந்தார்; அறுவையால் பல்லாயிரவர் துயரைத் தீர்த்தார்; அத்துறையில் ஒரு நூலும் எழுதினார். தொழுநோயாளர்பாலும் அவர் பரிவு காட்டினார். அறுவைக்கு முன்னர் நோயாளியின் நாடி, குருதியின் நிலை, உடலின் வலிமை ஆகியவற்றை ஆராய்ந்து, இன்று செய்வதா, சில நாள் பொறுப்பதா என்று முடிவு செய்வது அறுவை மருத்துவரின் கடமை. மலைச்சாய்விற் போலவே மருத்துவ மேடையிலும் முடிவு செய்பவர் ஒருவர். அதன் பயனைத் தாங்குபவர் மற்றொருவர்.

1949ஆம் ஆண்டில் அவர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பிக்கும் பணியை ஏற்றார். 1961ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றுத் தாய்நாடு சென்றார். அங்கு மலையேற்றக்காரரின் பழம்பெருஞ் சங்கமாகிய ஆல்ப்பைன் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். 1975ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் தம் 84ஆம் வயதில் இயற்கை எய்தினார். நெய்யூர் மருத்துவமனை இன்றும் நோயாளிகளைப் பேணி வருகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்துக் காரக்கோணத்தில் அவர் பெயரால் ஒரு மருத்துவக் கல்லூரி அமைந்துள்ளது.

பனிச்சரிவு நமக்குத் தொலைவான செய்தியன்று. 2016ஆம் ஆண்டு பிப்பிரவரி 3ஆம் நாள் சியாச்சின் பனியாற்றில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் காவல் புரிந்த சென்னைப் படைப்பிரிவின் வீரர் பதின்மரைப் பனி மூடியது. அவ்வீரருள் தமிழ்நாட்டு இளைஞரும் இருந்தனர். இமயத்துப் பனிச்சரிவுகளை ஆராய்ந்து முன்னறிவிக்கும் பொருட்டு 1969ஆம் ஆண்டிலே மணாலியில் ஒரு நிலையம் தொடங்கப்பெற்றது. அப்பணி இன்றும் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின்கீழ் நடந்து வருகிறது. ஆயினும் எல்லாச் சரிவுகளையும் முன்னறிய இயலும் என்று எந்த அறிஞரும் கூறுவதில்லை.

விருதுநகர் மாவட்டமும் தன் துயரங்களை மறக்கவில்லை. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசிக்கு அருகிலுள்ள முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் வெடிப்பின் ஒலி கேட்டு, உதவும் பொருட்டும் காணும் பொருட்டும் ஓடிச் சென்று, அடுத்த வெடிப்பில் அகப்பட்டோர் அவர்களுட் பலர். உதவச் செல்லும் நெஞ்சு உயர்ந்ததே; அந்நெஞ்சுக்கும் ஒரு கயிறு வேண்டும். கயிற்றைக் கட்டிக்கொண்டு நடந்த சாமர்வெல்லால்தான் நால்வரையும் மீட்டுத் தாமும் மீள முடிந்தது.

நேற்று ஒன்றும் நேரவில்லை என்பது இன்றைக்குச் சான்றாகாது. ஓரிடத்தில் சோதித்தது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தீங்கை நிறுத்துப் பார்க்கும்பொழுது, நம் கணக்கு பிழைத்தால் அப்பிழையைச் சுமப்பவர் யார் என்பதையும் சேர்த்து நிறுத்தல் வேண்டும். ஏழு சுமையாளரின் உயிரை விலையாகக் கொடுத்துக் கற்ற இப்பாடத்தைச் சாமர்வெல் மறக்கவில்லை. மலையிலும் மருத்துவமனையிலும் அதனைக் கைக்கொண்டு வாழ்ந்தார். மருந்தறையின் வாயிலில் நின்று வானத்தைப் பார்க்கும் சிவகாசி மூத்தோரும் அதே பாடத்தை நாள்தோறும் ஓதுகின்றனர். நாமும் அவர்களிடம் அதனைக் கற்று, பிறர் உயிரைத் தம்முயிர்போற் பேணும் பெருவாழ்வு வாழ்வோமாக.